கெடாத் தோட்டங்களில் செம்மறியும் கம்பளியும்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ஆட்டுப் பண்ணைகளைக் காணச் செல்லும் மாணவர் குழு செம்மறிகளைக் காணும்; கம்பளி நெய்யும் தறியைக் காணாது. ஆடு இருக்கக் கம்பளித் தொழில் ஏன் இல்லை? தோட்டத் தமிழர் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் வினா இது.

தமிழ்நாட்டுச் செம்மறிகள் அனைத்தும் கம்பளி தருவன அல்ல. மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆகிய இனங்கள் மயிர் மட்டுமே உடையன. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருப்பு ஆகியவை முரட்டுக் கம்பளி தருவன. கம்பளி நெசவு குறும்பர் போன்ற மேய்ச்சற் குடிகளின் குலத்தொழிலாக இருந்தது. ஆட்டைக் கத்தரித்து, மயிரைக் கொட்டி, கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியூட்டி நெய்வர். மந்தையும் மேய்ச்சல் நிலமும் குடும்பத்தாரின் கையுழைப்பும் ஒருங்கே இருந்தாலன்றி இத்தொழில் நடவாது.

கெடா 1909 இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை அடுத்த ஆண்டே, 1910 இல், நிறுத்தப்பட்டது. ஆகவே இங்குள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் கங்காணிகளே. திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து அவர்கள் திரட்டியவர் பெரும்பாலும் நிலமற்ற உழவுக் கூலிகள். தோட்டத்திற்கு வேண்டியிருந்தவை பால் வெட்டும் கையும் புல் வெட்டும் கையுமே. நெசவுத் திறன் உடையவர் ஒருவர் வந்திருப்பினும், தறி விரிக்க லயத்தில் இடமேது?

இலங்கை மலைநாட்டை இங்கே ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே குளிரும் மழையும் மிகுதி. தோட்டத்திற்கு வந்த தொழிலாளிக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. அதன் விலை அவன் கணக்கில் கடனாக ஏறியது. கொழுந்து பறிக்கும் பெண் தலைமேல் போர்த்திய கம்பளி அம்மக்களின் அடையாளமாகவே ஆயிற்று. கெடாவின் சமவெளி வெப்பத்தில் அத்தகைய தேவை எழவில்லை. பொருள் பின்தங்கியது, சொல் தங்கிவிட்டது. செயற்கை இழைப் போர்வையையும் நாம் கம்பளி என்றே சொல்கிறோம். ஆட்டு மயிரைத் தொட்டறியாத குழந்தையும் கம்பளிப்பூச்சியைக் கண்டால் பெயர் சொல்லி விலகும். மலாயில் வெள்ளாட்டைக் குறிக்கும் 'கம்பிங்' என்னும் சொல் இதனோடு உறவுடையதோ என மாணவர் கேட்பதுண்டு; உறவில்லை. செம்மறியைக் குறிக்கும் 'பிரி-பிரி'யோ இந்துஸ்தானியிலிருந்து வந்தது.

செம்மறி தோட்டத்துக்குள் முறையாக வந்ததன் காரணம் கம்பளி அன்று, களை. 1970களிலும் 1980களிலும் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் நிரைகளிடையே செம்மறி மேய்க்கும் முறையை ஆராய்ந்தது. வெள்ளாடு தழையையும் இளமரப் பட்டையையும் நாடும். செம்மறி தரையிலுள்ள புல்லையும் மூடுபயிரையும் மேயும். களைச் செலவு குறையும், எரு கிடைக்கும், இறைச்சியும் கிடைக்கும். 'மாலின்' எனப்படும் நாட்டினத்தை டோர்செட் கிடாவோடு கலந்தனர். கலப்புக் குட்டி பெரிதாக வளர்ந்தது. அதன் தடித்த கம்பளியோ வெப்பத்தில் அதற்கே சுமையாயிற்று. கத்தரித்த மயிரை வாங்குவாரில்லை. கம்பளி ஒரு நாட்டில் செல்வம், மற்றொரு நாட்டில் குப்பை! பின்னர் பார்படோஸ் கருவயிறு போன்ற மயிரினங்கள் நாடப்பட்டன.

இங்கே ஒன்றைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. ஆடு மேய்ந்து அழிக்கக்கூடிய அதே களையை மருந்தடித்து அழித்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் தோட்டப் பெண்கள். முதுகில் தோம்பு சுமந்து அவர்கள் தெளித்த மருந்துகளுள் பாராகுவாட் கொடியது. அதைப் படிப்படியாக நிறுத்துவதாக 2002 இல் அறிவித்த அரசு, 2006 இல் தடையைத் தளர்த்தியது; முழுத்தடை 2020 இல்தான் நடைமுறைக்கு வந்தது. மந்தைமுறை பரவியிருந்தால் அப்பெண்களின் நுரையீரலும் தோலும் ஓரளவேனும் காக்கப்பட்டிருக்கும் என்பது என் கருத்து. மரங்கள் வளர்ந்து நிழல் அடர்ந்தால் புல் குன்றும். நாய்களும் திருடரும் மந்தையைக் குறைப்பர். மருந்து மலிவாகக் கிடைத்தபோது இத்தொல்லைகளைப் பொறுக்க நிருவாகங்களுக்கு மனம் வரவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மேய்ப்பவரும் நகரங்களுக்குச் சென்றனர்.

ஆகவே பண்ணை காணச் செல்வோர் ஆட்டை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆண்பாலுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களையும், குட்டிக்கு மறி என்பதையும் தருகின்றது. தோட்டத்தில் ஆடு மேய்த்த முதியவரைக் கண்டால், கிடாவையும் பெட்டையையும் ஈனாத இளம் ஆட்டையும் எவ்வாறு அழைத்தார், துறட்டி என்ற சொல் அவர் வீட்டில் வழங்கிற்றா, அடைக்கும் இடம் பட்டியா, கொட்டகையா, மலாய்க் 'கண்டாங்'கா என்று கேட்டு, அவர் சொன்னவாறே எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரையும் தோட்டப்பெயரையும் உடன் குறியுங்கள்.