குதிரை வணிகமும் பாண்டியர் பகட்டும்

நரியைப் பரியாக்கிய கதையை நாம் அறிவோம். திருவிளையாடற் புராணத்தில் இறைவன் குதிரை வணிகராக மதுரைக்கு எழுந்தருளுகின்றார். வணிகரின் கோலத்திலும் குதிரைகளின் நடையிலும் மயங்கிய பாண்டியன் பட்டாடை பரிசளிக்கின்றான். அன்றிரவே பரிகள் நரிகளாகி ஊளையிடுகின்றன. இதனை வெறும் பத்திக்கதையாகக் கொள்ளலாகாது. தோற்றத்தைக் காட்டி விலைபெற்ற ஒரு வணிகத்தின் நினைவும் இதிற் பொதிந்துள்ளது எனலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் முதலிய துறைகளில் குதிரைகள் வந்திறங்கின. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என எழுதுகின்றார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப். கடலில் இறந்த குதிரைக்கும் அரசனே விலை கொடுத்தான். வாங்கியவற்றுள் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார் மார்க்கோ போலோ. அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. குதிரை வைத்தியர் எவரும் இங்கு வராதவாறு வணிகர்களே தடுத்தனராம். பழைய குதிரை செத்தாலன்றோ புதிய குதிரை விலைபோகும்! வணிகனின் நேர்த்தி துறைமுகத்தோடு முடிந்தது. மன்னனின் பகட்டோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது.

இந்த 22 இலட்சம் தினாரைக் கொடுத்தவர் யார்? அரச கருவூலத்துக்குச் சுமையேதும் இல்லையாம். கோயிற் சொத்துக்களின் வருவாயும் தேவரடியார் மீது விதித்த வரியும் ஈடுசெய்தன என்கின்றார் வசாப். கோயில் நிலத்துக்கு வருவாய் தந்தது உழைப்பாளியின் வியர்வையேயன்றி வேறென்ன?

பாண்டியரின் குதிரைப்படையைப் பெருமிதத்தோடு பேசுகின்றோம். அதற்கு விலைகொடுத்த உழவனையும் பெண்ணையும் பேசாதவரை, நாம் மாணவருக்குக் கற்பிப்பது வரலாறாகாது; வணிகன் காட்டிய கோலமே ஆகும்.