பிரட்டுக்களத்திற்கு அப்பால் ஒரு பள்ளி

ஆசியாவில் தொழிற்சங்கக் கல்வி வளர்ந்த கதையை எழுதப் புகுவோரின் கண்ணில் முதலிற் படுவன பெரிய ஸ்தாபனங்களே. 1952ஆம் ஆண்டில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் கல்கத்தாவில் ஆசியத் தொழிற்சங்கக் கல்லூரியைத் திறந்தது. 1956இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தொழிலாளர் கல்விக்கெனத் தனியொரு திட்டத்தை வகுத்தது. 1958இல் இந்திய அரசு தொழிலாளர் கல்விக்கான மத்திய வாரியத்தை நிறுவியது. ரயில்வே, துறைமுகம், பஸ் போக்குவரத்து ஆகிய துறைகளின் சங்க ஊழியர்கள் குறிப்பேடும் பேனாவுமாக அமர்ந்து, கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன, சங்கத்தின் வரவுசெலவை எழுதுவது எப்படி என்று பயின்ற காலம் அது. அம்முயற்சிகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவற்றுக்கு இரண்டு தசாப்தங்களுக்கு முன்னரே, கட்டடமும் கரும்பலகையும் இன்றி, பெரும்பாலும் எழுத்தறியாத மக்களிடையே, ஒரு தொழிலாளர் கல்வி இலங்கையின் மலைநாட்டில் நடந்தேறியது. அதன் தலைமையிடம் அட்டன். அதன் மாணவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். அது எங்கே நடந்தது, எதைக் கற்பித்தது, ஏன் பாதி வழியில் திசைமாறியது என்பவற்றையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

தோட்டத்தை ஒரு வேலைத்தலம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. தொழிலாளி உறங்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் நடக்கும் பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். அவனுக்கு வரும் கடிதம் துரையின் கந்தோரைத் தாண்டித்தான் வரவேண்டும். வெளியார் ஒருவர் அனுமதியின்றி உள்ளே கால்வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் அவர்மீது விழும். சங்கம் பேச வந்தவருக்கு அந்த அனுமதி எவ்வளவு எளிதிற் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து பிரட்டுக்களத்தில் நிற்பது, கங்காணியின் பின்னால் மலைக்கு ஏறுவது, மடுவத்தில் கொழுந்து நிறுப்பது, இருட்டோடு லயத்துக்குத் திரும்புவது என்று நாள்கள் சுழன்றன. அன்றைய உழைப்புக்குச் செக்றோலில் முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதை எழுதிய கணக்கப்பிள்ளையே அறிவார். தன் பெயருக்கு நேரே இடப்பட்ட குறி இன்னதென அறியாதவர் எப்படி முறையிடுவார்?

பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை நிர்வாகத்தின்மீது சுமத்தின. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் இடம், ஏதோ ஓர் ஆசிரியர். பத்து வயதில் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கியது, படிப்பு முடிந்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் வெளியிலேயே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். ஆசிரியர்களாகிய நாம் இதைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். துரை நடத்தும் பள்ளியில், துரையிடம் சம்பளம் வாங்கும் ஆசிரியர், துரையின் செக்றோலை வாசிக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார் என எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே அந்த வித்தை தோட்டத்துக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையில் 'வர்த்தகமித்திரன்' என்ற வணிக இதழை நடத்தியவர். கணக்கும் வாணிபமும் அறிந்தவர். இலங்கைக்கு வந்தபின், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து லய வாழ்க்கையை நேரிற் கண்டார் என்பது அவர் வரலாற்றில் பலராலும் கூறப்படும் செய்தி. அன்று லயங்களுக்குள் தடையின்றிப் போய்வந்தவர்களில் புடவை மூட்டைக்காரரும் ஒருவர் என்பதை நினைத்தால் அவ்வேடத்தின் பொருத்தம் விளங்கும். 1921இல் கொழும்பில் 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். கொழும்பில் ரயில்வேத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் திரட்டி 1923ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்காவுடன் சில காலம் சேர்ந்து உழைத்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சில் இறங்கிய 1920களின் இறுதியில் அவ்வுறவு முறிந்தது. நகரத்துப் போக்குவரத்துத் தொழிலாளரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் ஒரே கொடியின்கீழ்ப் பயிலும் வாய்ப்பு அத்தோடு கைநழுவியது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்துக்கு நேர்ந்த நஷ்டங்களுள் இதுவே பெரிதென்பது நமது கருத்து. 1931இல் நடேசய்யர் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

ஏன் அட்டன்? ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அது மலையேறியது. ஆனால் ரயில் நின்ற இடங்களில் ஸ்டேஷனும் கடைவீதியும் பொதுத்தெருவும் உண்டாயின. அந்தத் தெரு எந்தத் துரைக்கும் சொந்தமானதன்று. அத்துமீறல் சட்டம் அங்கே செல்லாது. தோட்டத்தில் கூடினால் குற்றமாகியிருக்கும் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை அட்டன் கடைவீதியில் கூடியபோது கூட்டம் மட்டுமே. துரைமார் தம் சரக்குக்காகப் போட்ட பாதை, அவர்களுடைய தொழிலாளருக்கு வகுப்பறை அமைத்துக் கொடுத்தது.

அவ்வகுப்பில் பாடம் சொல்லப்பட்ட முறை நம் போன்றோர் கவனிக்கத்தக்கது. நடேசய்யர் சட்டங்களையும் உரிமைகளையும் எளிய தமிழில் விளக்கிச் சிறு பிரசுரங்கள் எழுதினார். 'நீ மயங்குவதேன்', 'வெற்றியுனதே' என்பன அவர் நூல்களிற் சில. 1937இல் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற நாடகத்தையும் எழுதினார். லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் வாய்வழியே ஒரு பிரசுரம் முழு லயத்துக்கும் பாடமாகிவிடும். வாசிக்கத் தெரிந்தவரே இல்லாத இடத்துக்குப் பாட்டு இருந்தது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரையும் சட்டத்தின் வஞ்சனையையும் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் 1940இல் நூலாயின. தாலாட்டையும் ஒப்பாரியையும் நினைவிலேயே சுமந்துவந்த பெண்களுக்கு, ஒரு முறை கேட்ட பாட்டை லயத்துக்குக் கொண்டுபோவது பெரிய காரியமன்று. இன்று பயிற்சி முகாம் நடத்துவோர் அச்சிட்ட தாள்களை அடுக்கடுக்காக வழங்குகின்றனர். அவற்றில் எத்தனை வீடுபோய்ச் சேருகின்றன என்று யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டோ?

பாடத்தின் பொருளும் கற்பனைச் சரக்கன்று. பழைய துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். கங்காணியின் கணக்கில் தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்படும். அக்கடனைக் கொடுத்துத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் மாறலாம். கடனோடு ஆளும் கைமாறினான். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனால் ஒழிந்துவிட்டது என்பதைக் கடனாளிக்கு யார் சொல்வது? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவ்வாறே. அதன்கீழ் 1929இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஐம்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, முப்பத்திரண்டு என்னும் மூன்று எண்களை மனத்தில் பதித்துக்கொண்ட குடும்பம், சம்பள நாளில் வேறொரு குடும்பமாக நின்றது. அதுவரை துரையின் தயவாகவோ கங்காணியின் கருணையாகவோ தோன்றிய காசு, இப்போது கணக்குப் பார்த்து வாங்கவேண்டிய காசாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டி 1930களின் தொடக்கத்தில் இவ்விகிதங்கள் குறைக்கப்பட்டன. குறைத்ததை எதிர்த்துப் பேசவேனும் முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

தொழிலாளர் கல்வியை யார் கையில் விடுவது என்பது மலைநாட்டுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. 1909இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த ரஸ்கின் கல்லூரியில் தொழிலாளி மாணவர்களே வேலைநிறுத்தம் செய்தனர். பல்கலைக்கழகத்தாரின் மேற்பார்வையில் தயாராகும் பொருளாதாரப் பாடம் தமக்கு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் வெளியேறி அமைத்த மத்தியத் தொழிலாளர் கல்லூரியைப் பின்னர் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனமும் தம் சொந்தப் பணத்திற் பராமரித்தன. 1929இல் அது மூடப்பட்டது. அட்டன் தொழிலாளிக்கு வெளியேறிச் செல்லக் கல்லூரி ஏது! எனினும் துரையின் பள்ளியை விட்டுத் தெருவில் கேட்ட பாடத்தை அவன் நம்பியதற்கும், ரஸ்கின் மாணவன் வெளிநடந்ததற்கும் காரணம் ஒன்றே.

நடேசய்யரை நாம் தெய்வமாக்க விரும்பவில்லை. அவருடைய சம்மேளனம் அவர் ஒருவரின் உழைப்பிலேயே நின்றது, தோட்டந்தோறும் வேரூன்றவில்லை. 1936இல் அவர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்; சங்கமோ தளர்ந்தது. ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில், மற்றுமொரு ரயில் நகரத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் மேடையேறி பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞர் துரைமாரைச் சாடினார். தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்தவர் அவர். அவரை நாடுகடத்தத் தேசாதிபதி பிறப்பித்த ஆணையை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். பத்தாண்டுகளுக்கு முன் தன் பெயருக்கு நேரே விழுந்த குறியை அறியாதிருந்த மக்கள், இப்போது பொலிசாருக்கு எதிரே நின்று சாட்சி கூறினர்.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்த வாக்காளரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவும் வதிவிடச் சான்றும் லயத்துக்காரனிடம் எங்கே கிடக்கும்? செக்றோலும் தோட்டப் பதிவேடுகளுமே சான்று. அவை இருந்ததோ துரையின் அலுமாரியில். 1951 ஆகஸ்டில் கெடு முடிந்தபோது சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. அவை எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கானவை. இறுதியில் உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேர்.

கல்வி திசைமாறியது இங்கேதான் என்பது நமது முடிபு. அத்தனை படிவங்களையும் நிரப்ப எழுதத் தெரிந்த ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது. சட்டத்தைப் படித்துக் காட்டியவர்கள், சட்டத்தின் முன் தொழிலாளிக்காக எழுதுபவர்கள் ஆயினர். அவசரம் உண்மையானது, அவர்களை நாம் குறைகூற முடியாது. ஆனால் அவசரம் தீர்ந்தபின்னும் வழக்கம் தீரவில்லை. தோட்டத்துத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, அட்டன் காரியாலயம் என்று படி படியாக மனு மேலேறியது, பதில் கீழிறங்கியது. பிற்காலத்தில் சந்தாப்பணத்தையும் சம்பளத்திலேயே நிர்வாகம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பியபோது, சங்கத்துக்காரர் மாதந்தோறும் லயத்து வாசலில் வந்து நின்று பேசவேண்டிய தேவையும் குன்றியது. கல்கத்தாவுக்கும் ஜெனீவாவுக்கும் சென்று திரும்பக்கூடியவர்கள் ஆங்கிலம் அறிந்த சிலரே. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அப்பாடம் அரிதாகவே வந்து சேர்ந்தது. விதிவிலக்குகள் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்க வேலைக்கிடையே லயத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மக்களுக்குக் கற்பிக்கப் போனவர் அவர்களிடமே பாடம் கேட்டார்.

இன்னொரு குறையையும் நாம் மறைக்கலாகாது. உள்ள சட்டத்தை ஓதுவிக்கும் கல்வி, அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட அநீதியின்முன் வாயடைத்து நிற்கும். ஆணுக்கு 54, பெண்ணுக்கு 43 என்று மனப்பாடம் செய்த பெண், தனக்குரிய 43 சதத்தைக் கேட்டு வாங்கலாம். அந்த 11 சதம் எங்கே என்று கேட்க அப்பாடத்தில் இடமில்லை. தோட்டத்தின் வருமானம் முழுவதும் அவள் விரல் நுனியில் தொடங்குகிறது என்பதும், சூரியனுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டு அவள் பிரட்டுக்கு ஓடுகிறாள் என்பதும் அம்மூன்று எண்களில் அடங்கவில்லை. தொகைகள் காலத்துக்குக் காலம் மாறின. இடைவெளி மட்டும் நிலைத்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்ற உரிமை, 1984இல் மலைநாடெங்கும் வேலை நின்ற பிறகே கிடைத்தது. அப்போது 1929இல் 32 சதத்துக்குக் கொழுந்தெடுத்த சிறுமிகள் அறுபது வயதைக் கடந்த கிழவிகள்.