மெமோ கொடுக்கும் முன் பேசினீர்களா? தடுமாறும் ஊழியரிடம் சூப்பர்வைசர் எப்படிப் பேச வேண்டும்?

பல வருஷமாக ஒழுங்காக வேலை பார்த்தவர், திடீரென்று அடிக்கடி லேட்டாக வருகிறார். வேலையிலும் தப்பு விழுகிறது. சில சூப்பர்வைசர்கள் எல்லார் முன்னாடியும் சத்தம் போடுவார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் மெமோவை நீட்டுவார்கள். இரண்டிலுமே பிரச்னை அப்படியேதான் இருக்கும்.

துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இது ஒருவரின் வேலை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. கிரேன் ஓட்டுபவர் தூக்கமில்லாமல் தடுமாறினால், கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

வடசென்னைக்கு இது புதுசா?

இல்லை. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். சம்பளக் குறையோடு, சாப்பிட நேரம் போதாததும் மேலதிகாரிகள் நடத்திய விதமும் தொழிலாளர்களின் முக்கியப் புகார்களாக இருந்தன.

எப்படிப் பேசுவது?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் சூப்பர்வைசர்களுக்கு நான்கு படிகள் சொல்லிக்கொடுத்தார்கள். விவரத்தைத் திரட்டு, யோசித்து முடிவெடு, நடவடிக்கை எடு, பலன் கிடைத்ததா என்று பார். இன்றைக்கும் இது பொருந்தும்.

* விவரத்தோடு போங்கள்: "நீ சோம்பேறி" என்பது திட்டு. "இந்த மாசம் ஆறு நாள் லேட்" என்பது விவரம். வருகைப் பதிவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

* தனியாகப் பேசுங்கள்: மெஷின் பக்கத்திலோ டீக்கடையிலோ வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடிக்க ஓடும் நேரத்திலும் வேண்டாம்.

* கேட்டுவிட்டுக் காத்திருங்கள்: டிப்ளமோ முடித்த இளைஞர் சூப்பர்வைசராகவும், 50 வயதுக்காரர் ஆபரேட்டராகவும் இருப்பது சகஜம். வயசுக்கு மரியாதை கொடுங்கள். அதற்காகப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். "அண்ணே, உங்க வேலை எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா ஏதோ மாறியிருக்கு. என்னாச்சு?" என்று கேட்டாலே போதும்.

* காரணத்துக்கு ஏற்ற தீர்வு: புது மெஷின் பிடிபடவில்லை என்றால் பயிற்சி. நைட் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்றால் ஷிஃப்ட் மாற்றம். உடம்பு சரியில்லை, குடிப்பழக்கம் என்றால் சிகிச்சை.

* தேதி குறியுங்கள்: என்ன மாற வேண்டும், எப்போதுக்குள் என்பதை இருவரும் தெளிவாகப் பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தேதியில் மறுபடி உட்காருங்கள். மாற்றம் தெரிந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எதைச் செய்யக்கூடாது?

குடித்துவிட்டு வந்தவரிடம் அங்கேயே நியாயம் பேசாதீர்கள். முதலில் மெஷினிலிருந்து விலக்கி, துணைக்கு ஆள் சேர்த்து வீட்டுக்கு அனுப்புங்கள். பேச்சு மறுநாள். "உன் வேலைக்கு நான் கியாரண்டி" என்று உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன வீட்டு விஷயத்தை கேன்டீனில் பரப்பாதீர்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, 500 தொழிலாளர்கள் இருந்தால் நலத்துறை அலுவலர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. மன அழுத்தம் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள்.

பேசியும் மாறவில்லை என்றால்?

நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் முறைப்படி. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் சொல்ல வாய்ப்பளித்து, விசாரணை நடத்த வேண்டும். நிலையாணைகள் பொருந்தும் நிறுவனங்களில், விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். அதற்கு மேல் இழுத்து, தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் 75 சதவிகிதம். தண்டனை அளவுக்கு மீறியது என்று கருதினால், தொழில் தீர்ப்பாயம் அதைக் குறைக்கவும் முடியும்.

நீங்கள் அந்த ஊழியராக இருந்தால்?

கூப்பிடும் வரை காத்திருக்காதீர்கள். பிரச்னையை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். மெமோ வந்துவிட்டால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, சொன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் இருந்தால் பதில் எழுதும் முன்பே நிர்வாகிகளிடம் காட்டிவிடுவது நல்லது.