செவிலி, தாதி, சுஸ்ரூஷை: பெங்களூருச் செவிலியர் வரலாற்றில் சொல்லும் கொள்கையும்

1. முன்னுரை

ஒரு நாட்டில் செவிலியர் எத்தனை பேர் உள்ளனர் என்னும் வினா எண்ணியலைச் சார்ந்ததாகத் தோன்றும். எனினும் யாரைச் செவிலியர் என்று கொள்வது என்னும் சொற்பொருள் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அதற்கு விடை கூற இயலும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் செவிலியர் தொகையை 2 கோடியே 79 இலட்சம் என்றும், பற்றாக்குறையை 59 இலட்சம் என்றும் மதிப்பிட்டது. இத்தகைய எண்களைக் கொண்டே அரசுகள் கல்லூரிகளைத் திறக்கின்றன, பணியிடங்களை வகுக்கின்றன, ஊதியத்தை வரையறுக்கின்றன. ஆகவே எண்ணுக்கு முன் நிற்கும் சொல் ஆராயத்தக்கதாகும்.

தமிழும் கன்னடமும் மலையாளமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே நோயாளர் கூடத்தில் வழங்கும் பெங்களூரு இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். அந்நகரின் செவிலியப் பணி வரலாற்றை முன்வைத்து, பெயரிடுதலும் கொள்கை வகுத்தலும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. இரு நகர், இரு மரபு

1809இல் பெங்களூருவில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தனர். சென்னைப் படையைப் பின்தொடர்ந்து வந்த தமிழ் மக்கள் அத்தண்டுப் பகுதியில் பெருந்தொகையாகக் குடியேறினர். பேட்டைப் பகுதி மைசூர் அரசின் பகுதியாகவும், தண்டுப் பகுதி ஆங்கிலேயர் நிருவாகத்திலும் 1947 வரை நிலைபெற்றிருந்தன. மருத்துவமனைகளும் இப்பிரிவினையைப் பின்பற்றியே எழுந்தன. தண்டில் பௌரிங் மருத்துவமனையும், பேட்டையை அடுத்து 1900இல் திறக்கப்பெற்ற விக்டோரியா மருத்துவமனையும் அமைந்தன. நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் நிறுவிய புனித மார்த்தாள் மருத்துவமனை மூன்றாவதொரு மரபைத் தொடங்கி வைத்தது.

1888இல் பயிற்சி பெற்ற ஆங்கிலேயச் செவிலியர் பதின்மர் பம்பாயில் வந்திறங்கினர். இந்தியாவிலிருந்த படை மருத்துவமனைகளில் செவிலியப் பணியை ஒழுங்கமைப்பது அவர்களுக்கு இடப்பட்ட கடமை. அவர்கள் இரு குழுவினராகப் பிரிந்து ஒரு குழு இராவல்பிண்டிக்கும் மற்றொரு குழு பெங்களூருக்கும் சென்றது. அவர்களுக்கு வழங்கிய பதவிப் பெயர் 'சிஸ்டர்' என்பதாகும். கன்னியர் மடத்து வழக்கும் படை மருத்துவமனை வழக்கும் இச்சொல்லில் ஒன்றுகூடின. இன்றும் தமிழ் நோயாளர் செவிலியரைச் 'சிஸ்டர்' என்று விளிப்பதற்கு இவ்விரு வழக்குகளும் அடிப்படை எனலாம்.

இதற்கு முன்னரே புளோரன்சு நைட்டிங்கேல், இந்தியாவுக்கு வாராமலேயே, படை நிலையங்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பித் தரவு திரட்டியிருந்தார். 1863இல் வெளிவந்த படைச் சுகாதார ஆணைக்குழு அறிக்கையில் அத்தரவுகள் இடம்பெற்றன. செவிலியப் பணியும் எண்ணிக்கையியலும் தொடக்கத்திலிருந்தே இணைந்து வந்தன என்பதற்கு இது சான்றாகும். ஆயின் அன்று எண்ணப்பட்டவர் நோயுற்ற படைவீரரே. அவரைப் பேணிய இந்தியப் பணியாளர் அல்லர்.

3. சொற்களின் வரலாறு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் செவிலி ஒரு தனி மாந்தராக இடம்பெறுகின்றாள். தலைவியைப் பேணி வளர்ப்பவள் அவள். அவள் மகளே தோழி. உறவால் தாயல்லாத ஒருத்தி கடமையால் தாயாதலே இச்சொல்லின் பொருட்கூறு. இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கத்தில் இப்பழஞ்சொல் மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்குமாறு புதுப்பிக்கப்பட்டது. 'செவிலியர்' என்னும் பலர்பால் வடிவம் உயர்வுப் பன்மையாகி, இருபாலாரையும் குறிக்கும் பொதுப்பெயராகவும் ஆயிற்று. அதனாலேயே 'ஆண் செவிலியர்' என்னும் தொடர் முரணின்றி வழங்குகின்றது.

'தாதி' என்பது பாலூட்டும் வளர்ப்புத்தாயைக் குறிக்கும் வடசொல்லான 'தாத்ரி' என்பதனோடு தொடர்புடையது. இலங்கையில் 'தாதிய உத்தியோகத்தர்' என்பதும், சிங்கப்பூரில் 'தாதிமை' என்பதும் வழக்கில் உள்ளன. கன்னடத்திலும் 'தாதி' வழங்குகின்றது. ஆங்கில 'நர்ஸ்' என்பதும் ஊட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து தோன்றியதே. ஆகவே செவிலி, தாதி, நர்ஸ் ஆகிய மூன்றும் தாய்மையைச் சார்ந்து பிறந்த சொற்கள் என்பது பெறப்படும்.

கன்னடத்தின் ஏட்டு வழக்கான 'சுஸ்ரூஷை' வேறொரு வழியில் வந்ததாகும். கேட்டலைக் குறிக்கும் 'ஸ்ரு' என்னும் வடமொழி வினையடியின் விருப்பப் பொருள் வடிவம் அது. கேட்க விழைதல் என்னும் பொருள் கீழ்ப்படிதலாகவும், பின்னர்ப் பணிவிடையாகவும், நோயாளரைப் பேணுதலாகவும் விரிந்தது. செவிலி என்னும் சொல்லில் 'செவி' என்னும் ஒலிக்கூறு இருப்பதைக் கொண்டு, அதனையும் கேட்டலோடு தொடர்புபடுத்தத் தோன்றும். ஒலி ஒப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதால் அம்முடிபைத் தவிர்த்தல் நன்று.

தாய்மை, கன்னிமை, பணிவு ஆகிய மூன்றிலும் அன்பு உண்டு. ஆனால் கல்வியும் ஊதியமும் இல்லை. தாய்க்கு ஊதியம் கேட்கும் வழக்கமில்லை. இப்பணிக்கு நெடுங்காலம் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டமைக்குப் பல காரணங்கள் உளவெனினும், அதனை இயல்பெனக் காட்டியதில் இப்பெயர்களுக்கும் பங்குண்டு எனலாம்.

4. பதிவேடும் குழு அறிக்கைகளும்

பெயரைச் சட்டத்தால் வரையறுக்கும் முயற்சி சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டின் செவிலியர், பேறுகாலச் செவிலியர் சட்டத்தால் உருப்பெற்றது. மைசூர் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1961ஆம் ஆண்டினது. அது சுகாதாரப் பார்வையாளரையும் உள்ளடக்கியது. இந்திய அளவில் 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் கல்வித்தரத்தை ஒருமைப்படுத்தியது. இச்சட்டங்களின்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே செவிலியர்.

1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை அன்றைய இந்தியாவில் சுமார் 7,000 செவிலியரே உள்ளனர் என்றும், அது 43,000 மக்களுக்கு ஒருவர் என்னும் விகிதம் என்றும் கணக்கிட்டது. அவ்வாண்டிலேயே வேலூரிலும் தில்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. பின்னர்ச் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ. பி. ஷெட்டி தலைமையிலான குழு 1954இல் செவிலியரின் பணி நிலைமைகளை ஆராய்ந்தது. 1973இல் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியர் என்னும் பெயருக்கு மாற்றாகப் பெண் சுகாதாரப் பணியாளர் என்னும் பெயரைப் பரிந்துரைத்தது. பணி மாறியபோது பெயர் மாறியது என்பது குழுவின் நோக்கு. பெயர் மாறியபோது அப்பணியாளர் செவிலியர் என்னும் வகையிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது என்பது அதன் விளைவு. சரோஜினி வரதப்பன் தலைமையில் 1987இல் அமைக்கப்பெற்ற உயர்நிலைக் குழுவும் செவிலியரின் பணிச்சுமை, தங்குமிடம், பதவி உயர்வு முதலியவற்றை ஆராய்ந்தது. அரை நூற்றாண்டுக்குள் அமைந்த குழுக்கள் ஒரே குறைகளை மீண்டும் மீண்டும் ஆராய நேர்ந்தமை எண்ணத்தக்கது.

5. பெங்களூரு காட்டும் சிக்கல்

இராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 1996இல் பெங்களூருவில் நிறுவப்பெற்றது. அதனைச் சூழ்ந்த ஆண்டுகளில் தனியார் செவிலியர் கல்லூரிகள் நகரில் பெருகின. கேரளம், தமிழ்நாடு, வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து மாணவர் வந்து பயின்றனர். அவருள் பலர் பிற மாநிலங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர்.

இதனால் பதிவேட்டின் எண்ணிக்கை இருவகையில் பிழைபடுகின்றது. பெங்களூருவில் பயின்று கருநாடகத்தில் பதிந்த ஒருவர் தமிழ்நாட்டில் பணியேற்கும்போது அங்கும் பதிகின்றார். இரு பதிவேட்டிலும் அவர் பெயர் நிற்கின்றது. வெளிநாடு சென்றவர், பணியை விட்டவர், இறந்தவர் ஆகியோரின் பெயர்களும் உடனுக்குடன் நீக்கப்படுவதில்லை. இக்குறையைக் களையவே செவிலியர் பதிவையும் பெயர்வையும் கண்காணிக்கும் மின்னணு முறையை இந்தியச் செவிலியர் குழுமம் ஏற்படுத்தியது. பதிந்தவர் எண்ணிக்கையைப் பணியில் உள்ளவர் எண்ணிக்கையாக மொழிபெயர்த்தல் பெரும் பிழையாகும் என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு சுதீர் ஆனந்தும் விக்டோரியா ஃபேனும் எழுதிய ஆய்வை உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் வெளியிட்டது. தம்மைச் செவிலியர் என்றோ பேறுகாலம் பார்ப்பவர் என்றோ கூறிக்கொண்டோருள் பெரும்பாலோர் அதற்குரிய கல்வித்தகுதி பெற்றிராதவர் என்பது அதனால் தெரியவந்தது. கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் கேட்கும் கேள்வியில் எச்சொல்லை ஆள்கின்றாரோ, அதற்கேற்பவே விடையும் அமையும்.

எப்பதிவேட்டிலும் இடம்பெறாதோரும் உளர். பாவகடாப் பகுதியைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா பல்லாயிரம் பேறுகளை ஊதியம் பெறாமல் பார்த்தவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அவ்வாண்டு இறுதியில் பெங்களூருவில் காலமானார். 'சூலகித்தி' என்பது பேறுகாலம் பார்க்கும் பெண்ணைக் குறிக்கும் கன்னடச் சொல். அதன் முதற்கூறு தமிழ்ச் 'சூல்' என்பதன் இனச்சொல். தமிழில் இதற்கு நேரான 'மருத்துவச்சி' என்னும் சொல்லும் கல்விச் சான்றால் பெறப்படாத அறிவையே சுட்டி வந்தது. நாடு விருதளித்துப் போற்றிய பணியைப் பதிவேடு அறியவில்லை.

6. அடைமொழியும் ஊதியமும்

பெயரைப் போலவே பெயரடையும் வாழ்க்கையை அளவிடுகின்றது. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு பெற்று மாதம் ரூ. 7,700 பெற்றுப் பணியேற்றோர் 'தொகுப்பூதியச் செவிலியர்' எனப்பட்டனர். நிலையான பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினர். அவர்கள் செய்த பணி செவிலியர் பணியே. வேறுபாடு அடைமொழியில் இருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016இல் அளித்த பணிப்பின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாத ஊதியம் ரூ. 20,000க்குக் குறைதல் ஆகாது எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது ஆணையன்று. மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு மங்கினால் ஊதியம் கேட்பவரின் வாதமும் பழுதுறும்.

2016இல் மைய அரசு தன் மருத்துவமனைகளில் செவிலியரின் பதவிப் பெயரைச் 'செவிலிய அலுவலர்' எனப் பொருள்படுமாறு மாற்றியது. கன்னடத்தில் 'சுஸ்ரூஷாதிகாரி' என்பது வழக்குக்கு வந்தது. கீழ்ப்படிதலைக் குறித்த சொல்லோடு அதிகாரத்தைக் குறிக்கும் சொல் புணர்ந்து நிற்பது இத்தொடரின் நயம். எனினும் பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளருக்கும் பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளருக்கும் ஒரு செவிலியர் என்று குழுமம் வகுத்த அளவு எய்தப்படாத கூடத்தில், பதவிப் பெயர் மட்டும் பணிச்சுமையைக் குறைத்துவிடாது. 2023ஆம் ஆண்டின் தேசியச் செவிலியம், பேறுகாலச் செவிலியம் ஆணையச் சட்டம் முழுத்தகுதியாளரையும் துணைநிலையாளரையும் தனித்தனியே வரையறுப்பது இவ்வகையில் பயனுடையதாகும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. தகுதிநிலை வேறுபடுமிடத்து ஒரே 'செவிலியர்' என்னும் சொல்லால் அனைத்தையும் மூடிவிடாமை ஒன்று. பதிந்தோர், பணியிடம் பெற்றோர், பணியில் உள்ளோர் ஆகிய மூவகையினரையும் பிரித்துக் கூறுதல் மற்றொன்று. நாட்டுக்கு நாடு வேறுபடும் 'தாதி', 'செவிலி' வழக்குகளை, படிப்போரின் நாட்டை நோக்கித் தெரிதல் பிறிதொன்று.

பெங்களூருவில் 1954இல் தொடங்கிய மனநல நிறுவனம், பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. அங்கு மனநலச் செவிலியருக்கெனத் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகின்றது. மனநோயாளரைப் பேணுதலில் மருந்தினும் மொழி முற்பட வேண்டிய நேரங்கள் உண்டு. தண்டுப் பகுதித் தமிழரும் பேட்டைக் கன்னடரும் தத்தம் மொழியில் சொல்லும் துயரை ஒரு செவிலியர் அமர்ந்து கேட்கும் பொழுதை எந்தப் பதிவேட்டிலும் எண்ணுவதில்லை. கேட்டலே சுஸ்ரூஷை என்னும் சொல்லின் முதற்பொருள். அப்பணிக்கு உரிய நேரமும் ஊதியமும் ஒதுக்கும் கொள்கை உருவாகுமாயின், அச்சொல்லின் பழம்பொருளுக்கும் இடம் கிடைக்கும்.