கீழ்பவானிப் பாசனமும் கடைமடை நியாயமும்

பவானிசாகர் அணையிலிருந்து ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். இவ்வளவு நிலத்திலும் ஒரே போகத்தில் நெல் விளைவிக்க அணையின் 32.8 டிஎம்சி கொள்ளளவு போதாது. இந்தப் பற்றாக்குறையைப் பங்கிட்டுக்கொள்ள வகுக்கப்பட்டதே மதகு முறை.

ஆயக்கட்டு தலா 1,03,500 ஏக்கராக இரு பிரிவாகிறது. பிரதான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளும் ஒரு பிரிவு. மீதி மதகுகள் மற்றொன்று. வழக்கமாக ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் ஒரு பிரிவுக்கு நன்செய்த் தண்ணீர். அதன்பின் மறு பிரிவுக்கு நிலக்கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கு விட்டு விட்டுத் திறப்பு. அடுத்த ஆண்டு முறை மாறும். தலைமடை ஒரு பிரிவு, கடைமடை இன்னொரு பிரிவு என்று வாய்க்கால் துண்டாடப்படவில்லை. இரு பிரிவிலும் இரு முனையும் உண்டு. தன் மதகுக்கு எந்தப் போகம் என்பது உழவருக்கு முன்கூட்டியே தெரியும். விதை வாங்குவதும் கடன் வாங்குவதும் அதை வைத்துத்தான். சம அளவைவிட இந்த உறுதிப்பாடே இம்முறையின் பெரிய சாதனை எனலாம்.

ஆனால் மதகுக்குக் கீழே இந்த நியாயம் தளர்கிறது. மதகில் முழு அளவு திறந்ததாகப் பதிவேடு சொல்லும். கிளை வாய்க்காலில் முதல் வயல்காரர்கள் மடையை அடைக்காமல் விட்டால், கடைசி வயல்காரர் இரவில் டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்கால் நெடுகிலும் நடக்க வேண்டியதுதான். வாய்க்காலில் மோட்டார் வைத்து இறைப்பவர்களின் பங்கும் அவர் கணக்கிலேயே கழிகிறது. வாய்க்காலைக் கண்காணிக்கும் லஸ்கர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் தட்டிக்கேட்கவும் ஆளில்லை. பாசன அமைப்புகளை உழவர் நிர்வகிக்க வகை செய்யும் தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பாசன சபைகளுக்கு இடம் தந்தது. எனினும் சபையில் குரல் நிலவுரிமையைச் சார்ந்தே அமைகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரும், வயலில் நாள் முழுதும் நிற்கும் பெண்களும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தில் எழுந்த மோதல் இன்னொரு சிக்கலைக் காட்டியது. கரை வழியே கசியும் நீர் கீழுள்ள கிணறுகளையும் குட்டைகளையும் நிரப்புகிறது. ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயரே இல்லாத பல குடும்பங்களின் பயிரும் குடிநீரும் அந்தக் கசிவை நம்பியவை. கடைமடைக்கோ ஒவ்வொரு கசிவும் இழப்பு. இரு தரப்புக் கோரிக்கையும் உண்மையானது. கசிவை நம்பியவர்களை உரிமையற்றவர்கள் என்று ஒதுக்குவது சட்டப்படி எளிது. சமூக நோக்கில் தவறு. கடைமடையின் பங்கைக் கைவிடுவதும் அதே அளவு தவறு. கான்கிரீட் பணிக்கு முன்பே கிணற்று நீர்மட்டத்தை ஊர்வாரியாக அளந்து, பாதிக்கப்படுவோரையும் சபைப் பேச்சில் அமர்த்தியிருக்க வேண்டும்.

அதே பவானி ஆற்றை நம்பிய பழைய பாசனங்களான கொடிவேரி, காலிங்கராயன் ஆகியவற்றின் தொன்மையான முன்னுரிமை தனி விவாதம். அங்கும் கேள்வி இதுவே: பற்றாக்குறை ஆண்டில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

அணையிலிருந்து எத்தனை டிஎம்சி திறக்கப்பட்டது என்பதை வைத்து ஒரு பாசன அமைப்பை மதிப்பிடுவது போதாது. ஒவ்வொரு மதகின் கடைசி வயலுக்கும் தண்ணீர் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது, எத்தனை நாள் நின்றது என்பதைப் பாசன சபையும் நீர்வளத் துறையும் சேர்ந்து பதிந்து, போக முடிவில் ஊரறிய வெளியிட வேண்டும்.