சட்டமன்றம் கண்ட ஆசிரியர்: பெருந்தலைவர் எம்.சி.ராஜா

வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கமொன்று தன் முன்னோடிகளை நினைவுகூர்வது மரபு மட்டுமன்று, கடமையுமாகும். அண்ணல் அம்பேத்கரை நாம் அறிவோம். 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் உயிர்நீத்த தியாகி இம்மானுவேல் சேகரனையும் அறிவோம். ஆனால் எம்.சி.ராஜா என்னும் பெயர் நம் இளைஞர் பலருக்கு, சென்னை சைதாப்பேட்டையிலுள்ள கல்லூரி மாணவர் விடுதியின் பெயராகவே தெரிந்திருக்கிறது. அவ்விடுதியில் தங்கிப் பயின்று உயர்ந்தோர் பலர். அப்பெயருக்கு உரியவர் யார், அவர் ஆற்றிய பணி யாது என்பதை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியரானார். பிள்ளைகளுக்கான பாடநூல்களையும் எழுதினார். நம்மவர் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவே திறவாதிருந்த காலத்தில், பிறர் பிள்ளைகள் படிக்கும் நூலை நம்மவர் ஒருவர் எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகிப் பொதுப்பணியில் இறங்கினார்.

மாண்டேகு - செம்சுபோர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் தேர்தல் நடைபெற்றது. சொத்தும் வரியும் உடையோர்க்கே அன்று வாக்குரிமை இருந்தது. கூலி வேலையே கதியென இருந்த நம் மக்களுக்கு வாக்குச்சீட்டு எட்டாக்கனி. ஆகவே ஒடுக்கப்பட்டோருக்கென ஐந்து உறுப்பினரை அரசே நியமித்தது. அவர்களுள் ஒருவராக ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். நூற்று இருபத்தேழு பேர் கொண்ட அவையில் ஐவர் என்றால், கை தூக்கி வெல்லும் வலிமை இல்லை. எடுத்துரைத்து வெல்லும் வலிமை ஒன்றே உண்டு. அதனை அவர் நன்கு கையாண்டார்.

அவர் முதலில் கை வைத்தது பெயரில். அரசு ஏடுகளில் நம்மவரைக் குறித்த இழிசொற்களை நீக்கி, தமிழ் வழங்கும் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு வழங்கும் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் வழங்க வேண்டுமென 1922 சனவரியில் தீர்மானம் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அரசாணையும் பிறந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். பள்ளிப் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே வசைச்சொல் எழுதப்படுவதைக் கண்ட பிள்ளையைக் கேட்டால் விடை கிடைக்கும். அந்தப் பெயரைத் தென்பாண்டி நாட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டாரல்லர் என்பதும் உண்மையே. தேவேந்திரகுல வேளாளர் என்னும் பெயருக்காக நெடுங்காலம் கோரி நின்றோர், 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் அதனை அடைந்தனர். நம்மை எப்பெயரால் அழைப்பதென்று நாமே முடிவு செய்வோம் என்னும் கோட்பாட்டைச் சட்டமன்றத்தில் ஊன்றியவர் ராஜா.

நீதிக்கட்சியைச் சார்ந்து நின்ற அவர் 1923இல் அதனின்றும் விலகினார். 1921இல் சென்னைப் பக்கிங்காம் - கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது; ஆதிதிராவிடரின் குடிசைகள் எரிந்தன. அப்போது கட்சித் தலைவர்கள் சிலர் பழியை நம்மவர் மீதே சுமத்தியது அவரை வருத்தியது. பின்னர் தில்லி மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினராகி 1937 வரை பணியாற்றினார்.

அவர் வாழ்வில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது 1932ஆம் ஆண்டு. தனித்தொகுதி வேண்டுமென அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் வாதிட்டு வந்தனர். ராஜாவோ இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீட்டுடன் கூட்டுத்தொகுதியே போதும் என்றார். இதனால் ஒடுக்கப்பட்டோரின் குரல் இரண்டாகப் பிரிந்தது. இதனை மறைத்தல் வரலாறு ஆகாது. அவ்வாண்டு செப்டம்பர் 24இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் கையொப்பமிட்டனர். வகுப்புவாரித் தீர்ப்பில் சென்னை மாகாணத்துக்கு 18ஆக இருந்த நம்மவர் இடங்கள் 30 ஆயின. எண்ணிக்கை பெருகியது, ஆனால் வெல்பவர் யார் என்பதைப் பெரும்பான்மையோரின் வாக்கே முடிவு செய்யும் நிலை ஏற்பட்டது.

அந்நிலையின் விளைவை ராஜாவே நேரில் கண்டார். 1937இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் சில திங்கள் அமைச்சராக இருந்தார். அதன்பின் இராசாசி முதல்வரான காலத்தில், 1938இல் சட்டமன்றத்தில் இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று சமூகத் தடைகளை நீக்கும் மசோதா. பொதுச் சாலை, கிணறு, பொதுவிடங்கள் ஆகியவற்றில் தீண்டாமை பாராட்டுவதைத் தடுப்பது. அது சட்டமாயிற்று. மற்றொன்று மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவு மசோதா. அதனைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் கேட்டார், ராஜா மறுத்தார், ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் மசோதா வீழ்ந்தது. மலபாருக்கு மட்டுமே அப்போது தனிச் சட்டம் வந்தது. 1939 சூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நிகழ்ந்ததும், மாகாணம் முழுவதற்குமான சட்டம் 1947இல் வந்ததும் பின்னர் நடந்தவை.

இதன்பின் ராஜா அண்ணலின் பக்கம் நெருங்கினார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை இருவரும் இணைந்தே சந்தித்து நம்மவர் கருத்தை உரைத்தனர். பத்தாண்டுப் பிணக்கைப் பொதுநலத்தின் பொருட்டு இருவரும் மறந்தனர். சங்கத்துக்குள் சிறு மனத்தாங்கல் நேரும்போதெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. அடுத்த ஆண்டு, 1943இல், ராஜா மறைந்தார்.

சென்னையில் பிறந்து தில்லியில் பேசிய ஒருவருக்கும், வானம் பார்த்த நம் கரிசல் பூமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தண்ணீரைவிடப் பெரிய செல்வம் ஏது? கண்மாய் வற்றிய கோடையில் ஊருணியும் ஊற்றுமே உயிர் காப்பவை. அந்த நீரைத் தானே மொண்டுகொள்ள உரிமையின்றி, யாரேனும் மனமிரங்கி ஊற்றுவார்களா என்று குடத்துடன் காத்து நின்றனர் நம் பாட்டிமார். அந்தக் காத்திருப்பு குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்ட அநீதி என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் உரைத்தது. பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினேழாம் பிரிவும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே வழியில் மேலும் வலுவாக எழுந்தவை.

ஆயினும் சட்டம் ஏட்டில் ஏறிய அன்றே ஊருணிப் படிக்கட்டு நமக்குத் திறந்துவிடவில்லை. காரணம் என்ன? அப்படியொரு சட்டம் உண்டு என்று படித்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. மனு எழுதத் தெரிந்தவர் இல்லை. எழுதினாலும், மறுநாள் கூலி மறுக்கப்பட்டால் அடுப்பெரிய வழியில்லை. சட்டமன்றத்தில் பெற்ற உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்குப் படிப்பும் வேண்டும், பிறரைச் சாராத பிழைப்பும் வேண்டும். ஆசிரியராயிருந்த ராஜா இதனை உணர்ந்தே கல்விக் குழுக்களில் அமர்ந்து நம்மவர் பிள்ளைகளுக்காகப் பேசினார். நம் சங்கம் தோன்றியதும் அதே காரணத்தினாலேயே.

இளைஞர்களே! வாக்குரிமை இல்லாத மக்களின் சார்பில், நியமனம் பெற்ற ஒற்றை இருக்கையிலிருந்து ஓர் ஆசிரியர் இத்தனை செய்தார். உங்கள் கையில் வாக்கு இருக்கிறது. பள்ளிக் கதவு திறந்திருக்கிறது. சட்டப் புத்தகத்தை நீங்களே படியுங்கள். படித்ததை ஊர் மந்தையில் எடுத்துச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பெரியவருக்கு ஒரு மனுவேனும் எழுதிக் கொடுங்கள். பெருந்தலைவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.