செராம்பூர் ஆதனம் யாருடையது?

பொது நன்மைக்கென ஒரு நிறுவனம் தோன்றுமிடத்து மூன்று வினாக்களும் உடன் தோன்றுகின்றன. அதன் நிலமும் கட்டிடமும் யாருடைய பெயரில் இருத்தல் வேண்டும்? அதன் வரவு செலவை யார் ஆளுதல் வேண்டும்? அதன் பணியை இவ்வாறு நடத்துக என்று கட்டளையிடும் உரிமை யாருக்கு உண்டு? கோயிலாயினும், பாடசாலையாயினும், வாசிகசாலையாயினும் இவ்வினாக்களுக்குத் தப்பியதில்லை. கோயில் மணியம் பற்றி நம் நாட்டில் எழுந்த வழக்குகளைக் கேட்டறிந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதே வினாக்கள் வங்காள தேசத்திலே, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரில், பப்திஸ்து சபையைச் சார்ந்த கிறித்தவப் பெரியோர்களிடையே எழுந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களை வருத்திய வரலாற்றை இன்று நோக்குவோம்.

முதற்கண் பப்திஸ்து சபையாரின் ஆட்சிமுறையை அறிந்துகொள்ளுதல் நன்று. இங்கிலாந்தின் அரச திருச்சபையோடு இணங்காது ஒல்லாந்து நாட்டிற் புகலடைந்த ஆங்கிலேயர் சிலர், 1609இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் யோன் ஸ்மித் என்பாரின் தலைமையில் தனிச் சபையாகக் கூடினர். அறிந்து விசுவாசிப்பவர்க்கே ஞானஸ்நானம் உரியது, குழந்தைகட்கு அன்று என்பது அவர்கள் கொள்கை. அவருள் ஒருவரான தோமஸ் ஹெல்விஸ் தாய்நாடு திரும்பி, மனச்சாட்சியின்மீது மன்னனுக்கு அதிகாரமில்லை என 1612இல் நூலெழுதிச் சிறை புகுந்தார்.

இத்தகையோர் வழிவந்த சபைகளில் மேற்றிராணியார் இல்லை. மேலிருந்து ஆணையிடும் மன்றமும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர் கூடும் கூட்டமே ஒவ்வொரு சபைக்கும் தலைமையான அதிகாரம். போதகரை அழைப்பதும், உதவிக்காரரைத் தெரிவதும், புதியவரைச் சேர்ப்பதும், கணக்கைக் கேட்பதும் அக்கூட்டத்தின் உரிமை. ஆயினும் கூட்டம் ஒன்றின் பெயரில் நிலத்திற்கு உறுதி எழுதுதல் எளிதன்று. ஆதலின் தருமகர்த்தாக்கள் சிலரின் பெயரில் அது எழுதப்படும். உறுதியிலே பெயர் இருப்பதனால் அவர்கள் உடைமையாளர் ஆகார். அதிற் கூறிய நோக்கத்திற்காக மட்டுமே அந்நிலத்தை வைத்திருப்பர். உடைமை ஒரு நோக்கத்திற்கு, பெயர் தருமகர்த்தாக்களுக்கு, ஆட்சி உறுப்பினர் கூட்டத்திற்கு என்பதே இம்முறையின் சுருக்கம்.

ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் அறிந்த மக்களிடையே இம்முறை செவ்வனே நடைபெறும். பணம் கொடுப்போர் ஒரு நாட்டிலும், பணி செய்வோர் கடல்கடந்த மற்றொரு நாட்டிலும் இருப்பின் யாது செய்வது? செராம்பூரில் எழுந்த சிக்கல் இதுவே.

1792ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, இங்கிலாந்தின் கெற்றரிங் என்னும் ஊரில், விதவையான ஒரு மாதின் இல்லத்திலே போதகர் சிலர் கூடிப் பப்திஸ்து மிஷனரிச் சங்கத்தை நிறுவினர். அன்று அவர்கள் கையொப்பமிட்டு வாக்களித்த தொகை 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ். அன்ட்ரூ புல்லர் காரியதரிசியானார். முன்னர்ச் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவரான வில்லியம் கேரி 1793இல் வங்காளம் சேர்ந்தார். சங்கத்தின் சிறுபணம் குடும்பத்திற்குப் போதாமையால் அவுரிச் சாயத் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக அமர்ந்தார். 1799இல் ஆசிரியரான யோசுவா மார்ஷ்மன், அச்சுத்தொழில் கற்ற வில்லியம் வார்ட் முதலியோர் வந்தனர். கிழக்கிந்தியக் கும்பனியார் தமது ஆட்சிப்புலத்தில் அனுமதியின்றி மிஷனரிமார் தங்குவதை விரும்பாமையால், டேனிய மன்னரின் ஆட்சியிலிருந்த செராம்பூரில் 1800ஆம் ஆண்டு சனவரியில் யாவரும் ஒன்று கூடினர்.

அங்கே ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீட்டை 6,000 ரூபாய்க்கு வாங்கினர். விலை அவர்களை அச்சுறுத்தியது; ஆயினும் வாடகையாகக் கொடுக்கும் பணம் சில ஆண்டுகளில் அவ்விலைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டுத் துணிந்தனர். அவ்வீட்டிலே பல குடும்பங்கள் ஒரே குடும்பமாய் வாழத்தொடங்கின. பொது மேசையில் உணவு, பொதுப்பெட்டியில் பணம். ஒருவரும் தமக்கென வாணிகம் செய்தலாகாது. உழைப்பின் பயன் அனைத்தும் மிஷனுக்கே உரியது. பிரசங்கமும் செபமும் முறைவைத்து நடந்தன. குடும்பக் காரியங்களை மாதத்துக்கு ஒருவர் மேற்பார்த்தார். கேரி தனாதிகாரி, மருந்துப் பெட்டியும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை மாலை யாவரும் கூடி, அவ்வாரத்தில் எழுந்த மனக்கசப்புகளை வெளியிட்டுப் பேசித் தீர்த்து, அன்பை உறுதிசெய்துகொண்டனர். பணத்துக்குக் கணக்கு வைப்பதுபோல மனவேறுபாட்டுக்கும் வாரந்தோறும் கணக்கு முடித்த இவ்வொழுங்கு, நிறுவனம் நடத்துவோர் எவரும் ஊன்றி நோக்கத்தக்கது.

அவ்வாண்டிலேயே சபை முறையாக அமைக்கப்பட்டது. கேரி போதகராகவும், மார்ஷ்மனும் பவுண்டன் என்பாரும் உதவிக்காரராகவும் தெரியப்பட்டனர். ஆண்டின் முடிவில் கிருஷ்ணபால் என்னும் தச்சர் முதல் வங்காளராக ஞானஸ்நானம் பெற்றார்.

வரவு விரைந்து பெருகிற்று. மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் விடுதிப் பாடசாலைகளை நடத்தினர். வார்ட் அச்சகத்தை நடத்தினார். கேரி 1801இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 500 ரூபாய்ச் சம்பளத்தில் வங்கமொழி ஆசிரியரானார். அச்சம்பளம் 1807இல் 1,000 ரூபாயாயிற்று. இவை அனைத்தும் பொதுப்பெட்டியிற் சேர, ஒவ்வொரு குடும்பமும் சிறுதொகை மட்டும் பெற்றது. மிகுதி கொண்டு அச்செழுத்து வார்க்கப்பட்டது, நிலம் வாங்கப்பட்டது, வேதாகமம் பல மொழிகளில் அச்சேறியது. 1805ஆம் ஆண்டு ஒக்டோபரில் பதினொரு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை ஒன்றை எழுதினர். தம் காலமும், ஆற்றலும், குடும்பமும், உடுத்த ஆடையுங்கூடத் தமக்குரியன அல்ல என அதிலே அறிக்கையிட்டனர். இந்நாட்டுச் சபைகளுக்கு இந்நாட்டவரே போதகரும் உதவிக்காரருமாதல் வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

1812ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி அச்சகத்தில் தீப்பற்றியது. ஏறக்குறைய 10,000 பவுண் பெறுமதியான தாளும், எழுத்தும், கையெழுத்துப் படிகளும் அழிந்தன. செய்தி எட்டியதும் பிரித்தானியாவிலுள்ள அன்பர்கள் ஏறத்தாழ ஐம்பது நாட்களில் அத்தொகையைத் திரட்டினர். அதுவரை இரு கரையையும் இணைத்தது உடன்படிக்கைத் தாள் அன்று. புல்லர் என்னும் ஒரு மனிதரின் நட்பு. கேரி கேட்கவேண்டுவதைப் புல்லர் அறிவார். புல்லர் மறுப்பாராயின் காரணம் இருக்குமெனக் கேரி நம்புவார்.

1815ஆம் ஆண்டு மே மாதத்தில் புல்லர் மறைந்தார். சங்கத்தின் ஆட்சிக்குழுவிலே கேரியை நேரில் அறியாத பலர் இடம்பெற்றனர். அவர்கள் ஒரு வினாவை எழுப்பினர்: செராம்பூர் ஆதனம் மூவர் பெயரில் உள்ளது, அம்மூவரும் இறப்பின் அது யாரைச் சேரும்? இங்கிலாந்திலும் தருமகர்த்தாக்களை நியமித்து அவர்கள் கையிலும் ஆதனத்தை ஒப்படைத்தல் நன்று என்றனர்.

இவ்வினா நியாயமற்றதன்று. ஏழைகளும் தையற்பெண்களும் கொடுத்த காசுக்குப் பொறுப்பேற்ற குழுவினர் அதனைக் கேளாதிருப்பின் கடமை தவறியவராவர். தருமகர்த்தா இறந்தபின் அவர் மக்கள் உரிமை கோரி வருதல் உலகில் காணாத காரியமும் அன்று.

மூவரின் மறுமொழியிலும் நியாயம் இருந்தது. தாம் எவருடைய சம்பளத்துக்கும் ஊழியம் செய்தவர் அல்லர். தம் உழைப்பால் ஈட்டியதையே மிஷனுக்குக் கொடுத்தனர். இவ்வாதனம் தமக்கோ தம் மக்களுக்கோ உரியதன்று; தெய்வப்பணிக்கே உரியது. ஆயினும் அதன் ஆட்சியைத் தூரத்தில் இருப்போர் கையில் விடுதல் இயலாது என்று 1817இல் எழுதினர். கடிதம் ஒன்று கல்கத்தாவிலிருந்து லண்டன் சேரப் பல மாதங்கள் சென்ற காலம் அது. பாடசாலைக் கூரைக்கு ஓடு வாங்குவதற்கும் ஓராண்டு காத்திருக்க முடியுமா?

உடைமை பற்றி இருசாராரும் ஒத்த கருத்தினரே. இரு பகுதியாரும் அது மிஷனுக்குரியது என்றே கூறினர். மிஷன் என்பது யார் என்பதிலேதான் வேறுபாடு. கொடுப்போரின் சங்கமா, உழைப்போரின் குடும்பமா? பப்திஸ்து மரபில் இவ்வினாவுக்கு ஆயத்தமான விடை இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் என்பதே அம்மரபு. மிஷனரிச் சங்கமோ சபையன்று. சந்தாக் கொடுப்போரின் கூட்டம். செராம்பூர்க் குடும்பமும் சபை மட்டுமன்று. பாடசாலையும் அச்சகமும் நடத்திய தொழில் நிலையமுமாகும்.

இன்னொரு முரண்பாட்டையும் மறைத்தலாகாது. லண்டனிலே சுயாட்சி கோரிய மூவரும் தம்மிடம் வந்த இளையோர்க்குச் சமவுரிமை அளிக்கவில்லை என்பது இளையோர் குறை. 1800இல் சமமாக முறைவைத்து வேலை செய்த குடும்பம், காலப்போக்கில் மூத்தோர் மூவரின் ஆட்சியாயிற்று. கேரியின் சகோதரர் மகன் யூஸ்டஸ் கேரி உட்பட இளையோர் சிலர் பிரிந்து கல்கத்தாவில் தனிச் சங்கம் அமைத்தனர். மூவரும் பணம் சேர்த்துவிட்டனர் என்ற வதந்தி இங்கிலாந்தெங்கும் பரவியது. அதனால் மிகுதியும் வருந்தியவர் மார்ஷ்மன்.

இதனிடையே 1818இல் செராம்பூர்க் கல்லூரி நிறுவப்பட்டது. 1823இல் வார்ட் இறந்தார். 1827இல் டேனிய மன்னர் கல்லூரிக்குப் பட்டமளிக்கும் உரிமைச் சாசனம் வழங்கினார். அதே ஆண்டிலேதான், மார்ஷ்மன் இங்கிலாந்து சென்று பேசியும் உடன்பாடு எட்டாது, செராம்பூரும் சங்கமும் முறையாகப் பிரிந்தன.

தன்னாட்சி பெற்ற செராம்பூருக்குச் சோதனை விரைவில் வந்தது. 1830 முதலாகக் கல்கத்தாவின் பெரிய வாணிக நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அவற்றில் வைத்திருந்த பணம் அழிந்தது. கல்லூரிப் பேராசிரியர் பதவிகள் ஒழிக்கப்பட, கேரியின் வருமானமும் பாதியாய்க் குறைந்தது. ஒரு சிலரின் உழைப்பில் மட்டும் தங்கிய நிறுவனம், அவர்கள் முதுமையோடு தானும் முதுமையடையும் என்பது அப்போது புலனாயிற்று. ஆதனத்தின் தருமகர்த்தாக்களைச் சங்கம் நியமிக்கவும், முதியோர் இருவரும் ஆயுள்வரை வாடகையின்றி அங்கு வாழவும் இணக்கம் ஏற்பட்டது.

கேரி 1834ஆம் ஆண்டு யூன் 9ஆந் திகதி காலமானார். மிஷன் ஆதனத்தில் தமக்கு எவ்வித உரிமையும் இல்லை எனத் தம் மரணசாதனத்தில் அவர் எழுதிவைத்திருந்தார். பல்லாண்டுகளுக்கு முன் லண்டன் குழுவினர் எழுப்பிய ஐயத்துக்கு அச்சிறு வாசகமே விடையாயிற்று. 1837ஆம் ஆண்டு டிசம்பரில் இரு பகுதியாரும் மீண்டும் இணைய உடன்பட்டனர். அதே மாதம் 5ஆந் திகதி மார்ஷ்மன் செராம்பூரிற் கண்மூடினார். உடன்பாட்டுச் செய்தி கடல் கடந்து வருமுன் அவர் போய்விட்டார்.

இவ்வரலாறு நம் நாட்டுக்கும் தொடர்பற்றதன்று. செராம்பூரிலிருந்து முதலில் பர்மாவுக்குச் சென்ற யேம்ஸ் சேற்றர் என்பார் 1812இல் கொழும்புக்கு வந்து பப்திஸ்துப் பணியைத் தொடக்கினார். டென்மார்க்கு 1845இல் செராம்பூரைப் பிரித்தானியருக்கு விற்றபோதும் கல்லூரிச் சாசனத்தின் உரிமை காக்கப்பட்டது. பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியற் கல்லூரி இன்றும் செராம்பூர்ப் பேரவையோடு இணைந்தே பட்டக்கல்வி அளிக்கின்றது.

கேரியும் புல்லரும் உயிரோடிருந்த காலத்தில் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே சட்டமாயிருந்தது. அந்நம்பிக்கை நிலவிய நாளிலேயே உடைமை யாது, ஆட்சி யாது, கணக்குக் கேட்பவர் யார் என்பதைத் தெளிவாக எழுதிவைத்திருப்பின், பின்வந்தோர் இருபது ஆண்டுகள் வழக்காடியிரார். நண்பர்களுக்கிடையே எழுத்தெதற்கு என்று நாம் கூறுவதுண்டு. நண்பர்களுக்கு அது வேண்டாதிருக்கலாம். அவர்களுக்குப் பின் அவ்விடத்தில் அமரப்போகும் அந்நியர்க்கு அது வேண்டும். நட்பு இருக்கும்போதே அதனை எழுதுதல் எளிது. நட்பு மறைந்தபின் எழுதும் ஒவ்வொரு வரியும் சண்டையாகவே முடியும். நம் ஊர்களிலே பாடசாலையும் வாசிகசாலையும் ஆலயமும் அமைக்க முன்வரும் பெரியோர் இதனை மனங்கொள்வாராக.